தண்ணீர்க் கட்டத்தில் எல்லா நாளும் மூன்று

அன்று காலை அக்காவுக்குக் காய்ச்சல் இல்லை. தெர்மாமீட்டர் 98.2 காட்டியது. ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருந்த அட்டவணையில் அதை எழுதி, பக்கத்தில் பச்சைப் பேனாவால் ஒரு டிக் போட்டேன். எடை சரி. இரத்த அழுத்தம் கொஞ்சம் குறைவு. மே மாதத்து டெல்லி வெயில், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்து அதற்கும் ஒரு டிக்.

ஒன்பதரைக்கு ஆபீஸ் கிளம்பும்போது செருப்பு போடக் குனிந்தவள் நிமிரவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

"கதிரு, இது எந்த ஸ்டேஷன்ல?"

மயூர் விஹாரில், மூன்றாவது மாடியில், எங்கள் வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தோம். அவள் நெற்றி குளிர்ந்து ஈரமாக இருந்தது. விரல்கள் நடுங்கின. அம்மா அடுப்படியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள். நான் முதலில் செய்த காரியம் என்ன தெரியுமா? மறுபடி தெர்மாமீட்டரை எடுத்து வைத்தேன். 98.4. "காய்ச்சல் இல்லம்மா" என்றேன், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல.

இதை வாசிக்கிற உங்கள் வீட்டிலும் ஒருவர் இன்னொருவருடைய உறுப்போடு வாழ்ந்துகொண்டிருக்கலாம். அதனால் கதையைத் தொடரும் முன் இதைச் சொல்லிவிடுகிறேன். மாற்றுறுப்பு வைத்தவர்கள் தினமும் ஸ்டீராய்டு (உடலின் எதிர்ப்பையும் வீக்கத்தையும் அடக்கும் மருந்து) சாப்பிடுகிறார்கள். அது காய்ச்சலையும் அடக்கிவிடும். உள்ளே கிருமி பெருகிக்கொண்டிருக்கும்போது தெர்மாமீட்டர் சமர்த்தாக 98.4 காட்டிக்கொண்டிருக்கும். இது எனக்குத் தெரியாமல் இல்லை. படித்திருந்தேன், மஞ்சள் பேனாவால் கோடுகூடப் போட்டு வைத்திருந்தேன். அன்று காலை நினைவுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அக்கா பெயர் சுமதி. என்னைவிடப் பதினோரு வயது மூத்தவள். நான் ஏழாம் வகுப்பு படிக்கும்போது அப்பா போய்விட்டார். அப்போது கோல் மார்க்கெட் பக்கத்தில் அரசுக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பாவின் ஆபீஸிலேயே கருணை அடிப்படையில் அக்காவுக்கு வேலை கொடுத்தார்கள். இருபத்து மூன்று வயதில் அப்பாவுடைய நாற்காலியில் உட்கார்ந்தாள். என் பள்ளிக்கூட டைரியில் கையெழுத்துப் போட்டதும் அவள்தான். நான் கணக்கில் குறைந்தால் ஹெட்மாஸ்டர் வரச் சொல்வது அம்மாவை அல்ல, அவளைத்தான்.

அவளுடைய இரண்டு சிறுநீரகங்களும் கெட்டுப்போனது முப்பத்தைந்தாவது வயதில். யாரும் கவனிக்காத இரத்தக் கொதிப்பு. இரண்டு வருடம் டயாலிசிஸ் (இரத்தத்தை வெளியே எடுத்து இயந்திரத்தில் சுத்தம் செய்து திரும்ப ஏற்றுவது). அம்மாவுக்குச் சர்க்கரை, கொடுக்க முடியாது. எனக்கு எல்லாம் பொருந்தியது. ஆனால் அக்கா ஒரு வருடம் ஒத்துக்கொள்ளவில்லை.

"கல்யாணம் ஆகாத பய. நாளைக்கு ஒருத்தி வந்து, எங்கய்யா ஒண்ணக் காணோம்னு கேட்டா நான் என்ன பதில் சொல்ல?"

"ஒண்ணு எடுத்தா ஒண்ணு இருக்குக்கா. பைக்குல ஸ்டெப்னி மாதிரி."

"பைக்குல ஏதுல ஸ்டெப்னி?"

அப்படியெல்லாம் பேசிப் பேசித்தான் அவளைச் சம்மதிக்க வைத்தேன். உறுப்பு தானத்துக்கு அனுமதி தரும் குழுவினர் முன்னால் உட்கார்ந்தபோது, யாராவது உங்களைக் கட்டாயப்படுத்தினார்களா என்று இந்தியில் கேட்டார்கள். "ஆமாம் சார், நான்தான் இவளைக் கட்டாயப்படுத்தினேன்" என்று சொன்னேன். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. அக்கா மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள்.

என் இடது பக்கத்திலிருந்து எடுத்து, அவளுடைய வலது அடிவயிற்றில் வைத்தார்கள். வைத்த அன்றே சிறுநீர் வந்துவிட்டது. மூன்றாம் நாள் நான் மெதுவாக நடந்து அவள் அறைக் கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவள் வயிற்றைத் தொட்டுக் காட்டி, வாயை மட்டும் அசைத்தாள்: "கிராயேதார் வந்தாச்சு." கிராயேதார் என்றால் இங்கே வாடகைக்குக் குடியிருப்பவர். அன்று முதல் எங்கள் வீட்டில் அதற்கு அதுதான் பெயர். கிராயேதார் எப்படி இருக்கார்? கிராயேதாருக்குத் தண்ணி ஊத்தியாச்சா?

நொய்டாவில் ஒரு கம்பெனியில் எனக்கு வேலை. நாடு முழுக்க உள்ள கடைகளிலிருந்து வரும் எண்களைச் சரிபார்ப்பது. எது அளந்து எழுதியது, எது உட்கார்ந்த இடத்தில் எழுதியது என்று கண்டுபிடிப்பேன். இந்த மூளையை வீட்டுக்கும் கொண்டுவந்தேன். மாதத்துக்கு ஒரு பெரிய தாள். காய்ச்சல், எடை, அழுத்தம், மாத்திரை நேரம், குடித்த தண்ணீர் எத்தனை லிட்டர், புதிதாக ஏதும் தொந்தரவு. காலையில் நான் எழுதுவேன். தண்ணீரையும் தொந்தரவையும் இரவு படுக்கும் முன் அவள் எழுத வேண்டும். ஒரு வாரம் கட்டம் விடாமல் எழுதினால் ஒரு நட்சத்திர ஸ்டிக்கர். முப்பத்தெட்டு வயதுக்காரிக்கு ஸ்டிக்கர் ஒட்டினேன்.

"அச்சா, சூபர்வைசர் சாப்" என்பாள். சிரிப்பாள். எழுதுவாள்.

எட்டு மாதம் இப்படி ஓடியது. ஆறாவது மாதத்திலிருந்து மறுபடி வேலைக்குப் போனாள்.

அவசரப் பிரிவில் நர்ஸ் அக்காவின் கைப்பையைக் கவிழ்த்து, என்னென்ன மருந்து சாப்பிடுகிறார் என்று கேட்டார். ஒப்பிக்கத் தொடங்கினேன். டாக்ரோலிமஸ் (மாற்றுறுப்பை உடல் தாக்காமல் தடுக்கும் மாத்திரை) காலை எட்டு, இரவு எட்டு. அடுத்தது மைக்கோஃபெனோலேட் (அதே வேலையை வேறு வழியில் செய்வது). நர்ஸ் இடையில் நிறுத்தி ஒரு மாத்திரை அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"இது?"

பாதி வெட்டிய அட்டை. அதற்குக் கீழே இன்னொன்று, அதுவும் பாதி. இரண்டும் ஆன்டிபயாடிக் (பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து). என் அட்டவணையில் இரண்டும் இல்லை.

அக்காவிடம் கேட்டேன். அவள் என் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு ஏதோ ஃபைல் நம்பர் சொல்லிக்கொண்டிருந்தாள்.

இரத்த அழுத்தம் எழுபதுக்குக் கீழே போய்விட்டது. ஐ.சி.யூ.வுக்குக் கொண்டுபோனார்கள். செப்சிஸ் (கிருமித் தொற்று இரத்தம் வழியே உடல் முழுதும் பரவி உறுப்புகளைச் சாய்ப்பது) என்று எழுதினார்கள். ஸ்கேனில் கிராயேதார் வீங்கி, சுற்றிலும் நீர் கட்டிக் கிடந்தார். தொற்று ஆரம்பித்ததே அங்கேதான். மாற்றி வைக்கும்போது அதன் நரம்புகளை ஒட்டுவதில்லை. அதனால் நம்முடைய சிறுநீரகத்துக்கு நோய் வந்தால் துடிக்கிற மாதிரி அது துடிக்காது. உள்ளே வெந்துகொண்டிருந்தாலும் சொல்லத் தெரியாது.

மறுநாள் சிறுநீரக மருத்துவர் என்னைக் கூப்பிட்டார். எங்களை ஆரம்பத்திலிருந்தே பார்த்தவர். வேகமாக இந்தி பேசுவார், கெட்ட செய்தியை மட்டும் மெதுவாகச் சொல்வார்.

"எத்தனை நாளாக எரிச்சல்? சிறுநீர் எப்படிப் போனது? தண்ணீர் எவ்வளவு குடித்தார்?"

"எல்லாம் எழுதியிருக்கிறேன் மேடம். எட்டு மாதம், ஒரு நாள் விடாமல்."

சொல்லும்போது என் குரலில் பெருமை இருந்தது. இன்றைக்கும் அது காதில் கேட்கிறது.

"எடுத்து வாருங்கள்" என்றார்.

மத்தியான வெயிலில் வீட்டுக்கு வந்து, காந்தங்களைப் பிடுங்கி, எட்டுத் தாள்களையும் சாப்பாட்டு மேசையில் பரப்பினேன். அப்போதுதான் முதல் தடவையாக நான் எழுதியதை விட்டுவிட்டு அவள் எழுதியதைப் பார்த்தேன்.

தண்ணீர்: 3. 3. 3. 3. 3.

வேலைக்குப் போகும் முன் அந்தக் கட்டத்தில் 2.7 இருந்தது, 3.2 இருந்தது, ஒரு நாள் 2.25 என்றுகூட இருந்தது. ஆறாவது மாதத்திலிருந்து எல்லா நாளும் மூன்று. ஹோலி அன்றும் மூன்று. வயிற்றுப்போக்கு என்று லீவு போட்ட அன்றும் மூன்று. தொந்தரவுக் கட்டத்தில் மேலிருந்து கீழ்வரை "இல்லை", "இல்லை", "இல்லை". கடைசி வாரங்களில் அதுகூட இல்லை, மேலே உள்ளதே கீழும் என்று காட்டும் இரண்டு சின்னக் கோடுகள்.

ஆபீஸில் ஒரு கடையிலிருந்து இப்படி ஒரு தாள் வந்தால் பத்து நொடியில் தூக்கிப் போடுவேன். உண்மையாக அளந்த எண் இப்படி இருக்காது. இங்கே இதற்கு நான் நட்சத்திரம் ஒட்டியிருந்தேன்.

மருத்துவரிடம் தாள்களைக் கொடுத்து, "தண்ணீரையும் தொந்தரவையும் நம்பாதீர்கள் மேடம்" என்றேன். அவர் நம்பக்கூடியதை மட்டும் படித்தார்.

மூன்றாம் நாள் கல்ச்சர் (சிறுநீரிலும் இரத்தத்திலும் உள்ள கிருமியை வளர்த்து, எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் சோதனை) முடிவு வந்தது. கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா. வழக்கமான மருந்துகள் எதற்கும் மசியவில்லை. அறிக்கையில் வரிசையாக எதிர்ப்பு, எதிர்ப்பு என்றே இருந்தது. கடைசிப் பக்கத்தில் ஒரே ஒரு மருந்து மிச்சம்.

ஐ.சி.யூ.வுக்கு வெளியே நடைபாதையில் வைத்துத்தான் மருத்துவர் அதைச் சொன்னார். அம்மா பக்கத்தில் நின்றாள். முப்பது வருட டெல்லி, இந்தி அவளுக்குப் புரியும். ஆனாலும் முக்கியமானதைத் தமிழில் கேட்டால்தான் நம்புவாள்.

"கேட்கிற மருந்து இது ஒன்றுதான். ஆனால் இது சிறுநீரகத்தைக் கெடுக்கும். அதோடு, உறுப்பைக் காப்பாற்றுகிற மாத்திரைகளையும் நிறுத்த வேண்டும். அப்போதுதான் உடல் கிருமியோடு சண்டை போடும். அந்தச் சண்டையில் உறுப்பையும் சேர்த்து அடிக்கலாம்." நிறுத்திவிட்டு என்னிடம் கேட்டார்: "டோனர் நீங்கள்தானே?"

"ஆமாம்."

"உங்கள் அனுமதி தேவையில்லை. ஆனால் உங்களிடம் சொல்லாமல் செய்ய எனக்கு மனசில்லை."

அம்மாவிடம் திரும்பி, மருந்து கொடுத்தா அக்கா பொழைப்பா, கிட்னி போயிரலாம் என்றேன். அம்மா என் சட்டைக்கு மேலே, இடது விலாவுக்குக் கீழே கை வைத்தாள். அங்கே ஒன்றும் இல்லை என்று அவளுக்குத் தெரியும்.

"ரெண்டு பேரு ஒடம்பையும் கீறியாச்சு. எனக்கு எம்பிள்ள வேணும்ல. நீ சரின்னு சொல்லு."

"போடுங்கள் மேடம்" என்றேன். சொன்னபோது பெரிதாக ஒன்றும் தோன்றவில்லை. வெளியே வந்து குடிநீர்க் குழாயில் தம்ளரைப் பிடித்தேன், நிரம்பி வழிந்த பிறகுதான் மூடினேன்.

மருந்து வேலை செய்தது. ஐந்தாம் நாள் அழுத்தம் ஏறியது. ஏழாம் நாள் என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அந்த ஏழு நாளும் படுக்கைக்குக் கீழே தொங்கிய சிறுநீர்ப் பையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எண்ணூறு மில்லி. நானூறு. நூற்றைம்பது. அப்புறம் பையின் மூலையில் தேநீர் நிறத்தில் ஒரு விரல் அளவு. கிரியாட்டினின் (சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு, இரத்தத்தில் ஏற ஏறச் சிறுநீரகம் தோற்கிறது என்று பொருள்) 1.1 ஆக இருந்தது, ஆறைத் தாண்டியது. டயாலிசிஸ் இயந்திரத்தைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். தற்காலிகம்தான் என்றார்கள். அந்தச் சொல்லை நான் இரண்டு வாரம் பிடித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு பயாப்சி (ஊசியால் உறுப்பின் ஒரு துணுக்கை எடுத்துப் பார்ப்பது). மருந்தாலும் தொற்றாலும் ஏற்பட்ட சேதம், போதாததற்கு உடலின் எதிர்ப்பும். மருத்துவர் இந்த முறை மிக மெதுவாகப் பேசினார். அக்காவிடமே நேராகச் சொன்னார். அக்கா தலையை ஆட்டிவிட்டு, "எடுத்துருவீங்களா?" என்று கேட்டாள். தொந்தரவு செய்யாதவரை எடுக்க மாட்டோம், உள்ளேயே சுருங்கிக் கிடக்கும் என்றார்.

அவர் போன பிறகு அக்கா என்னைப் பார்த்துச் சொன்னாள்: "கிராயேதார் காலி பண்ணலைல. கதவச் சாத்திட்டு உள்ளயே படுத்துக்கிட்டாரு."

நான் சிரிக்கத்தான் நினைத்தேன்.

கேட்க வேண்டாம் என்று இருந்தேன். ஆனால் வார்டுக்கு மாற்றிய அன்று கேட்டுவிட்டேன். அம்மா கீழே மருந்து வாங்கப் போயிருந்தாள்.

"ஏன்க்கா சொல்லல?"

அவள் கையிலிருந்த பிளாஸ்டரைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஆபீஸில் பெண்கள் கழிப்பறை ரெண்டு மாடி கீழே, அடிக்கடி எழுந்து போனால் செக்‌ஷனில் ஒரு மாதிரிப் பார்க்கிறார்கள், இத்தனை மாத லீவுக்குப் பிறகு இது வேறயா என்று. அதனால் தண்ணீரைக் குறைத்தாள். எரிச்சல் வந்தது. மெட்ரோவிலிருந்து இறங்கும் வழியில் மருந்துக் கடைக்காரரிடம், பையா (அண்ணா), யூரின் எரிச்சலுக்கு ஏதாவது என்றாள். கொடுத்தார். இரண்டு நாளில் நின்றது, இவளும் நிறுத்தினாள். பத்து நாளில் மறுபடி வந்தது. மறுபடி அதே கடை.

"தம்பிகிட்ட போய் இதெல்லாம் எப்படிச் சொல்ல?"

"அம்மாகிட்ட சொல்லியிருக்கலாம்லா?"

"அம்மாகிட்ட சொன்னா ஒங்கிட்ட வரும். நீ ஒரு கட்டம் போடுவ." பிளாஸ்டரின் ஓரத்தைப் பிய்த்தாள். "ஏல, நீ தந்த பொருளுல. அது எரியுதுன்னு ஒங்கிட்டயே வந்து சொல்ல வாய் வரல. நீ காலையில எந்திரிச்சதும் கிட்னி எப்படி இருக்குன்னு கேப்ப. நீ நல்லதுக்குத்தான் கேட்ட. ஆனா நான் எப்படி இருக்கேன்னு அம்மா மட்டுந்தான் கேட்டா."

கீழே சரிந்திருந்த போர்வையை அவள் காலுக்கு இழுத்துவிட்டேன்.

மருத்துவரிடம் தனியாகப் போய், அந்தப் பாதி மாத்திரைகளால்தானா என்று கேட்டேன். "அப்படி உறுதியாகச் சொல்ல முடியாது. இந்தக் கிருமி ஆஸ்பத்திரியிலேயே ஒட்டிக்கொண்டு காத்திருந்திருக்கலாம். அரைகுறை மருந்து அதற்கு வழிவிட்டிருக்கலாம். மூன்று வாரம் முன்பே வந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் அடுத்த நோயாளியின் கோப்பைத் திறந்தார். அவர் அதை முடிக்காததற்கு நன்றியோடு இருக்கிறேன்.

என்னைப் போல ஆர்வக்கோளாறு பிடித்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். எரிச்சல், அசதி, பசியின்மை, லேசான குழப்பம், எது வந்தாலும் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள், அன்றே உங்கள் மருத்துவரைக் கூப்பிடுங்கள். மாற்றுறுப்போடு இருப்பவருக்குக் கடையில் கேட்டு வாங்கும் ஆன்டிபயாடிக் வேண்டாம், மருத்துவர் கொடுத்ததைப் பாதியில் நிறுத்தவும் வேண்டாம். அட்டவணை போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அதை வைத்திருப்பவரிடம் ஒரு அசிங்கமான, சின்ன, வெட்கப்படவைக்கும் விஷயத்தை வந்து சொல்ல முடியுமா என்று முதலில் பாருங்கள். நீங்களே டோனராகவும் இருந்தால் அட்டவணையை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். கொடுத்தவனே கணக்குக் கேட்டால் வாங்கியவள் பொய்தான் எழுதுவாள்.

இருபத்தாறு நாள் கழித்து வீட்டுக்கு வந்தோம். அந்தத் தாள்கள் இப்போது ஃபிரிட்ஜ் கதவில் இல்லை. காந்தங்கள் மட்டும் இருக்கின்றன. அம்மா அவற்றில் மின்சார பில்லை ஒட்டி வைக்கிறாள்.

திங்கள், புதன், வெள்ளி டயாலிசிஸ். எங்கள் வாரத்தில் இப்போது இந்த மூன்று நாள்தான். மற்றவை இவற்றுக்கு இடையில் கிடக்கும் இடைவெளி. முன்பு நான் மாதங்களை எண்ணினேன், ஆறாவது மாதம், எட்டாவது மாதம், ஒரு வருடம் ஆனால் கேசரி என்று. இப்போது நான்கு மணி நேரம் நான்கு மணி நேரமாக நாட்கள் போகின்றன. மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் பட்டியலில் பதிந்திருக்கிறோம். அதற்கு எவ்வளவு நாளாகும் என்று கேட்பதை விட்டுவிட்டேன்.

சில நேரம் பேருந்தில் நிற்கும்போது என் கை தானாக இடது விலாவுக்குக் கீழே போகிறது. எடுத்தபோது அங்கே வெறுமை தெரியவில்லை, அது வேறிடத்தில் ஓடிக்கொண்டிருந்தது. இப்போதுதான் தெரிகிறது. என்னில் ஒரு பகுதி எனக்கு முன்னாலேயே போய்விட்டது, அதுவும் அக்காவுக்குள்ளேயே.

முன்பு நாளுக்கு மூன்று லிட்டர் குடி என்று அவளை விரட்டினோம். இப்போது அவளுக்குச் சிறுநீரே போவதில்லை, அதனால் ஒரு லிட்டரைத் தாண்டக் கூடாது. ஒரு பாட்டிலில் காலையிலேயே அளந்து வைத்து, மிடறு மிடறாக இரவு வரை ஓட்டுகிறாள். ஜூன் மாதத்தில். நான் அவள் முன்னால் தண்ணீர் குடிப்பதை நிறுத்தினேன். அடுப்படிக்குப் போய் ஓசைப்படாமல் குடிப்பேன், பல நாள் மறந்தே போகும்.

போன வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் நாற்காலியில் கண்ணை மூடிக் கிடந்தவள், திறக்காமலே கேட்டாள்.

"ஏல, ஒத்த கிட்னிய வச்சிருக்கவன் நீ. நேத்து எவ்வளவு தண்ணி குடிச்ச?"

"மூணு லிட்டர்க்கா."

கண்ணைத் திறந்தாள். "மூணா? சரியா மூணா?"

இயந்திரத்தில் அவள் இரத்தம் குழாய் வழியே சுற்றிக்கொண்டிருந்தது. பக்கத்து நாற்காலியில் யாரோ ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்கள்.

"ஒண்ணே கால்" என்றேன். "அதுவும் இருக்குமான்னு தெரியல."

"ம். இப்பச் சொல்லுத பாரு, இது நம்பர்."

என் பைக்குள் கைவிட்டு என் பாட்டிலை எடுக்கச் சொன்னாள். திறக்கச் சொன்னாள். அவளுக்கு எதிரே உட்கார்ந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்க, நான் கடைசிச் சொட்டு வரை குடித்தேன். அவள் உதடுகள் வறண்டிருந்தன. ஒவ்வொரு மடக்குக்கும் அவள் தொண்டை அசைந்தது.